ஜன்னலோரம் விட்ட இடம்

நான் கல்யாணமாகி, எங்கள் தீவின் வடக்கே தேர் ரூஜ் கிராமத்துக்கு வந்தபோது அங்கே பாதி வீடுகளின் கூரைத் தகரம் புத்தம்புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. கரோல் புயல் அடித்துவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். புயலின்போது நான் தென்கிழக்குக் கடலோரத்து மாயெபூரில், பிறந்த வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவில் படகுகள் போயின, கூரைகள் போயின, கோழிக்கூடுகள் பறந்தன, உயிர்ச்சேதம் இல்லை. அதனால் நாங்கள் அந்தப் புயலைப் பேசிப் பேசியே தீர்த்துவிட்டோம். தேர் ரூஜில் அப்படி இல்லை. யாராவது "சிக்ளோன்" என்று வாயெடுத்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே, ரொட்டி வாங்கியாச்சா என்று கேட்பார். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இதை நான் தமிழில் எழுதுகிறேன். மாயெபூர்க் கோவிலில் சாயங்கால வகுப்பில் தொடங்கி, பிறகு புத்தகம் புத்தகமாக நானே வளர்த்துக்கொண்ட தமிழ். ஆனால் இதில் வருபவர்கள் எல்லாரும் பேசியது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த எங்கள் தீவு மொழி. கோவிலில் பாடும்போதும் சாமியிடம் வேண்டிக்கொள்ளும்போதும்தான் எங்கள் வாயில் தமிழ் வரும். அவர்கள் சொன்னதை என்னால் முடிந்தவரை அதே தொனியில் இங்கே தருகிறேன்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உப்பு எங்கே, சோப்பு எங்கே, செருப்பு எங்கே. கூப்பிடுகிற குரல் கேட்காத ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அது என் நாத்தனார் மூலமாக வந்தது. அவளுக்கு என் வயதுதான். கொஞ்சம் பருமனான உடம்பு. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, டீ குடித்துவிட்டு, பதில் சொல்லாமல் போயிருந்தார்கள்.

"சென்டர்ல பொம்பளைங்களுக்கு ஜிம்னாஸ்திக் சொல்லித் தர்றாங்களாம்" என்றார் மாமியார் அவளிடம். "ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேர் போறாங்க. நீயும் போய்க் கொஞ்சம் கரைச்சிட்டு வா. மா ஃபீ, என் மகளே, நீயும் கூடப் போ. அவ தனியாப் போகமாட்டா."

நாத்தனார் அப்போது ஏனோ முகம் வெளுத்துப் போனாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்டர் என்பது கிராமத்துச் சமூகக் கூடம். கருங்கல் சுவர், பலகைத் தரை, ஒரு பக்கம் வரிசையாக ஜன்னல்கள். புயலில் அந்த வட்டாரத்தில் அசையாமல் நின்ற கட்டடங்களில் அது ஒன்று. சுவரில் ஓர் ஆள் உட்கார்ந்தால் தோள் படுகிற உயரத்தில் நீளமாக ஒரு கறை ஓடியது. ஈரத்தோடு நிறையப் பேர் நெருக்கிச் சாய்ந்து உட்கார்ந்த கறை. இதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

சொல்லிக்கொடுக்க வந்த மிஸ், தலைநகரை ஒட்டிய ரோஷ் புவாவைச் சேர்ந்தவர், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் பெண்மணி. ஒல்லியான உடம்பு, உரத்த குரல், கழுத்தில் சின்னச் சிலுவை. முன்பு போலியோ வந்த குழந்தைகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்தவர். புயலுக்குப் பிறகு சமூக நல இலாகா அவரைக் கிராமம் கிராமமாக அனுப்பியது. வாரத்துக்கு இரண்டு நாள், பள்ளிக்கூடம் விட்ட நேரத்துக்கு, பஸ்ஸில் வந்து இறங்குவார்.

முதல் நாள் நாங்கள் போனபோது ஏறக்குறைய எல்லாரும் வந்து வக்வா என்னும் தாழை ஓலைப் பாய்களை விரித்துவிட்டிருந்தார்கள். கூடம் நெருக்கமாக இருந்தது. ஆனால் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருந்தது. காற்று நன்றாக வரும் இடம். என் அதிர்ஷ்டம் என்று என் பாயை அங்கே விரித்து அதன்மேல் நின்றேன்.

எல்லார் கண்ணும் என் காலடிக்கு வந்தது. மிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்ததால் அவர் எதையும் பார்க்கவில்லை. ஊரின் தையல்காரி ஒருவர் குனிந்து, நான் நிற்கும்போதே என் பாயின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

"இங்க வா. அங்க வெயில் படும்."

வெளியே வானம் மூடிக் கிடந்தது. தூறல்கூடப் போட்டுக்கொண்டிருந்தது. நான் நகர்ந்தேன்.

"என், தே, த்ருவா, காத்!" என்று மிஸ் எண்ண ஆரம்பித்தார். கையைத் தூக்கினோம், குனிந்தோம், நின்ற இடத்திலேயே குதித்தோம். எனக்குச் சிரிப்பாக வந்தது. பக்கத்தில் தையல்காரி மூச்சுவாங்கியபடியே என் காதில் சொன்னார்: "எனக்கு இது நல்ல இடம், மா ஃபீ. இங்க வந்தா எல்லார் இடுப்பையும் கண்ணாலேயே அளந்துக்கலாம். யார் இளைச்சா, யாருக்கு ரவிக்கை பிடிக்கணும், எல்லாம் தெரிஞ்சிடும்." அது பொய்யும் இல்லை. அந்த வருஷம் ஊரில் பாதி ரவிக்கைகளை அவர்தான் பிடித்துத் தைத்தார்.

பாதி வகுப்பில் ஒரு பெண் உள்ளே வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கரும்புத் தோட்டத்து வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். தொப்பியையும் இடுப்பில் கட்டியிருந்த கோணியையும் வாசலில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். கரும்பிலை அறுத்த கோடுகள் கை முழுக்க. அவர் கையைத் தூக்கவில்லை, குனியவில்லை. சும்மா நின்றார். மிஸ்ஸும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. களைத்து வருகிறவள் என்று விட்டுவிட்டார்போல.

கடைசியில் எல்லாரும் பாயில் படுத்து மெதுவாக மூச்சை இழுத்து விடவேண்டும். அப்போதுதான் அந்த அக்காவும் படுத்தார். பாய் இல்லாமல், வெறும் பலகையில். எங்களைப்போல மல்லாந்து படுக்கவில்லை. ஒருக்களித்து, ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டு. அந்தக் கையில் யாரோ தலை வைத்துப் படுத்திருப்பதுபோல.

கண்ணை மூடிக்கொண்டேன். "இழுங்க... விடுங்க..." என்று மிஸ்ஸின் குரல் தணிந்துகொண்டே போனது. கூடம் முழுக்க ஒரே மூச்சாக ஏறி இறங்கியது. அந்தச் சத்தம் கடற்கரையில் இருப்பதுபோலச் சுகமாக இருந்தது. அப்புறம் அதற்குள்ளே வேறொன்று கேட்டது. சின்னதாக, வேகமாக, எங்களோடு சேராமல் ஒரு மூச்சு. யாருக்கோ இளைப்பு என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லாரும் அமைதியாகப் படுத்திருந்தார்கள். பல பேர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் நாத்தனாரிடம் கேட்டேன். "நாள் முழுக்கத் தோட்டத்துல முதுகு ஒடியுது. அந்த அக்காவுக்கு எதுக்கு ஜிம்னாஸ்திக்?"

"எல்லாரும் எதுக்கு வர்றாங்களோ அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

மாதங்கள் போயின. நான் ஒரு வகுப்பையும் விடவில்லை. என்னைக் கூப்பிடாத அந்த ஒரு மணி நேரத்துக்காக வந்தேன் என்றே சொல்லிக்கொண்டேன். அந்த மூச்சு சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிற சத்தம் என்று வைத்துக்கொண்டேன். காற்றே இல்லாத நாளிலும் கேட்டது.

பிறகு ஒருநாள் மிஸ் உற்சாகமாக வந்தார். சென்டரின் ஆண்டு விழாவுக்கு இலாகா அதிகாரி வருகிறாராம், நாங்கள் செய்து காட்டவேண்டுமாம். சாக்கட்டியால் தரையில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்தார். உயரப்படி ஆளை நிறுத்தினார். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே வைத்த புள்ளி என் உயரத்துக்கு வந்தது.

"மிஸ், அந்த இடம் வேணாம்" என்றார் தையல்காரி.

"கி ஃபேர்? ஏன்?"

தையல்காரி ஜன்னலைப் பார்த்தார். மிஸ் சிரித்தார். "என்ன, பேய் கீய் இருக்கா?" வேறு எவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அவர் என் தோளைப் பிடித்து அந்தப் புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தினார். கால் பட்ட இடத்தில் பலகை குளிர்ந்து கிடந்தது.

சற்று நேரத்தில் தோட்டத்து அக்கா வந்தார். வாசலில் கோணியை அவிழ்த்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் என் பாதங்களில் நின்றது. கோணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

எனக்கு என் பாதங்களைக் கழுவிக் கழுவித் தீரவில்லை. ஒரு மத்தியானம் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது நாத்தனாரை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாள்.

புயலின் நடுவில் காற்று திடீரென்று நின்ற அந்த இடைவெளியில், ஊர்சனம் உடைந்த வீடுகளை விட்டுச் சென்டருக்கு ஓடியிருக்கிறது. தோட்டத்து அக்கா தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சின்னப் பெண், பால் பற்கள்கூட இன்னும் முழுதாக விழாத வயது. வீட்டு உத்தரம் மார்பின்மேல் விழுந்திருந்தது. வெளியே காயம் எதுவும் இல்லை. மூச்சு மட்டும் குட்டை குட்டையாக வந்தது. கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று ஜன்னலுக்குக் கீழே படுக்கவைத்தார்கள். டாக்டருக்கு ஆள் அனுப்புவதற்குள் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப அடிக்க ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு கதவைத் திறக்க முடியவில்லை.

"அண்ணி, பக்கத்துல இருக்கிறவங்க கத்தினாக்கூடக் கேக்காத காத்து. ஆனா அவ மூச்சு மட்டும் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு" என்றாள் நாத்தனார். "அக்கா எங்களைப் பார்த்துச் சொன்னாங்க, நீங்க எல்லாரும் மெதுவா மூச்சு விடுங்க, அவ உங்களைப் பார்த்து விடுவான்னு. நாங்க விட்டோம். கூடத்துல இருந்த எல்லாரும். அவளும் எங்களைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்ச நேரம் விட்டா. அப்புறம் நிறுத்திட்டா. நாங்க நிறுத்தல. யார் முதல்ல நிறுத்துறதுன்னு யாருக்கும் தெரியல."

துணியை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"மிஸ் வந்த முதல் நாள், படுங்க, மூச்சை இழுங்க, விடுங்கன்னு சொன்னாங்களாம். அவங்களுக்கு என்ன தெரியும்? பாதிப் பேர் எழுந்து ஓடிட்டாங்க. அடுத்த வாரம் ஓடினவங்க எல்லாரும் திரும்ப வந்தாங்களாம்."

"ஏன்?"

"வீட்டுல தனியா இருக்கும்போதும் அது வரும், அண்ணி. எனக்கும் வரும். தனியாக் கேட்டா பயமா இருக்கு. அங்க எல்லாரோடயும் சேர்ந்துன்னா தாங்கிக்கலாம். அதுக்குத்தான் போறாங்க. அம்மா என்னை அனுப்பினது இளைக்கிறதுக்கு. நான் போறதும் இதுக்குத்தான்."

அவர்களுக்குக் கேட்பது நினைவு. அந்த நாளில் இந்த ஊரிலேயே இல்லாத எனக்கு ஏன் கேட்டது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை.

அடுத்த வகுப்பு முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் நின்று மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. நடத்துனர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

"பொன்தியே... கடவுளே..." என்றார் மிஸ். "அவங்க வீடு எங்க?"

தோட்டத்து அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பலகையைக் கையால் தட்டினார். உட்கார்ந்தோம்.

"எனக்குத் தெரியாது, மதாம். தெரியாமச் செஞ்சிட்டேன்" என்றார் மிஸ்.

"உங்க மேல ஒண்ணும் இல்ல, மிஸ். எனக்கு உங்க ஜிம்னாஸ்திக் வேண்டாம். என் உடம்புக்குக் கரும்பு போதும். அங்க நான் வர்றது அவ பக்கத்துல படுக்கிறதுக்கு." கீரையைக் கீழே வைத்தார். "எனக்கு அவ மூச்சு கேக்குதுன்னு ஊர்ல நினைக்கிறாங்க. எனக்குக் கேக்கல. அன்னிலேர்ந்து ஒரு நாளும் கேக்கல. இவங்களுக்கெல்லாம் கேக்குது. படுத்திருக்கும்போது முகத்தைப் பார்த்தாத் தெரியும். பெத்தவளுக்கு மட்டும் கேக்கல. என்னிக்காவது கேக்கும்னு வர்றேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ வெளியூர்ப் பொண்ணு. உனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, அக்கா."

"எப்படி இருந்துச்சு?"

"சின்னதா. வேகமா."

"வேகமாவா?" அவர் முகம் அப்படியே கசங்கியது. "ஆயோ, இன்னும் அவளுக்கு மூச்சு வாங்குதா?"

மிஸ்தான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில், ஒரு வேலையைச் சொல்லிக்கொடுப்பவர்போல, பேசினார். மூச்சு திணறுகிற குழந்தையிடம் மெதுவாக விடு என்று சொன்னால் நடக்காது. பக்கத்தில் இருப்பவர் தன் மூச்சை நீட்டிக்கொண்டே போகவேண்டும். வெளியே விடுவது உள்ளே இழுப்பதைவிட நீளமாக இருக்கவேண்டும். பயப்படாமல். குழந்தைக்கு அது போய்ச் சேரும். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் செய்வோம் என்றார்.

"அன்னிக்கு நாங்க பயந்துகிட்டே விட்டோம்" என்றார் அக்கா.

அந்தியாகும்வரை அங்கே இருந்தோம். கிளம்பும்போது அக்கா கீரையில் ஒரு கட்டு எடுத்து மிஸ் கையில் கொடுத்தார்.

ஆண்டு விழா அன்று அதிகாரி கோட்டு சூட்டுடன் முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வரிசையில் ஓர் ஓட்டை இருந்தது. நானும் பழையபடி தையல்காரி பக்கத்திலேயே நின்றேன். அதிகாரி கை நீட்டி அது என்ன இடைவெளி என்று கேட்டார். மிஸ் கண்ணிமைக்காமல், "பலகை உளுத்துப்போச்சு, முசியே. ஆள் நின்னா உள்ள போயிடும்" என்றார். யாராவது மராமத்துக்கு எழுதிப் போடுங்கள் என்று அதிகாரி சொன்னார். போடுகிறோம் என்றோம்.

குதித்தல், குனிதல் எல்லாம் முடிந்து நாங்கள் படுக்கும் நேரத்தில், தோட்டத்து அக்கா கோவிலுக்குப் போகிற சேலையில் வந்தார். நாற்காலிகளைக் கடந்து நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதிகாரி பலகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா ஒருக்களித்துப் படுத்து, மிஸ் எண்ணுவதற்கு முன்பே மூச்சை இழுத்தார். விட்டார். அவ்வளவு நீளமாக ஒருவர் மூச்சு விட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கூடம் முழுக்க அவரைப் பின்தொடர்ந்தது. மிஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் நின்றார்.

அந்தச் சின்ன மூச்சு அன்றும் கேட்டது. வேகமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கடுத்த வாரங்களில், நான் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், அது மெல்ல மெல்ல நீண்டது. ஒரு மழைக்காலத்தில் அது எங்கள் மூச்சோடு சேர்ந்து ஏறுவதுபோல இருந்தது. அப்புறம் எது எங்களுடையது, எது அது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. வகுப்பு முடிந்ததும் அக்கா என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைப்பேன். "மெதுவாவா?" என்பார். "மெதுவா, அக்கா" என்பேன். அது உண்மை. அவருக்கு மட்டும் கடைசிவரை கேட்கவேயில்லை.

அந்த வருஷமே அவர் கையைத் தூக்கவும் குனியவும் ஆரம்பித்தார். எண்ணுக்கு ஒருபோதும் சரியாக வராது. நாங்கள் எழும்போது அவர் குனிவார். தோள் வலி குறைந்திருக்கிறது என்று ஒருநாள் அவரே ஆச்சரியத்தோடு சொன்னார். தையல்காரி அவருக்கும் ஒரு ரவிக்கை தைத்தார்.

தீவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சற்று முன்பு தலைநகரின் ஓரத்தில் கிரியோல்காரர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. ரோஷ் புவா பக்கத்திலிருந்து புகை எழுவதை எங்கள் ஊரிலிருந்தே பார்த்தோம். பஸ் நின்றது. பல வாரங்களுக்கு மிஸ்ஸைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நாங்கள் வழக்கமான நாளில் சென்டருக்குப் போய், எண்ண ஆளில்லாமல், பாய்களை விரித்துப் படுத்து மூச்சு மட்டும் விட்டுவிட்டு வந்தோம். அந்த நாட்களில் அவருக்காகத்தான் விடுகிறோம் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கவேண்டும்.

பங்குனி பிறக்கும் முன் அவர் வந்தார். தலைமுடி நரைத்துப் போயிருந்தது. அண்ணன் குடும்பத்தோடு கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொன்னார். அன்று வகுப்பு எடுக்கவில்லை. எங்கள் நடுவில் ஒரு பாயை வாங்கி அவரும் படுத்துக்கொண்டார். எழுந்தபோது, "எனக்கு இந்த வேலை எதுக்குன்னு கேக்கவேயில்லையே நீங்க" என்றார். "போலியோ வார்டுல சாயங்காலம் எல்லாக் குழந்தைங்களும் தூங்கும். நான் அவங்க மூச்சை எண்ணுவேன். ஒண்ணு குறைஞ்சாக்கூட எனக்குத் தெரியும். அப்புறம் வீட்டுல தனியாத் தூங்க முடியல. இங்க வந்தப்புறம் பஸ்ஸுல போகும்போதே தூங்கிடுவேன்."

அவரைப் பற்றிப் பிறகு எதுவும் தெரியவரவில்லை. நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொஞ்ச காலம் மிஸ் இடத்தில் நின்று அவள் ஒன்று, இரண்டு எண்ணினாள். கூடத்தில் நாற்காலிகளும் மேடையும் போட்டபோது வகுப்பு தானாக நின்றது.

எனக்கு முதல் பெண் பிறந்தது மிஸ் கப்பலேறியதற்கு அடுத்த வருஷம். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை நெஞ்சுச் சளி கட்டிக் கடுமையாகக் காய்ச்சல் அடித்தது. டாக்டர் மருந்து கொடுத்திருந்தார், ஆனாலும் எனக்குப் பயம். அவள் தூங்கும்போதெல்லாம் தொட்டிலை விட்டு நகரமாட்டேன். சமையலறையிலிருந்து யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

ஒரு காலை, யாரும் சொல்லி அனுப்பாமலே, தோட்டத்து அக்கா வந்தார். கையைக் கழுவி, துடைத்து, குழந்தையின் மார்பில் விரல்களை வைத்தார். தலையைச் சாய்த்து நெடுநேரம் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது கேக்குது" என்றார். "நல்லாக் கேக்குது. இது பொழைக்கிற மூச்சு. நீ போய்ச் சாப்பிடு."

நான் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அவர் விரலை எடுக்கவில்லை. பிறகு மாமியார் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு வேலைக்குப் போனார். நாலைந்து நாளில் என் மகளுக்குச் சளி இறங்கியது.